ஆங்கிலம்–பிரெஞ்சு கணிதச் சொற்பட்டியல்: மூன்றாவது முயற்சியில் தேறியது

ஒரு கணிதச் சொல்லுக்குப் பிரெஞ்சில் என்ன என்று தேடினால் அரை நிமிடத்தில் விடை வந்துவிடும். அப்படிக் கிடைத்த அரை நிமிட விடைகளை அடுக்கித்தான் முதல் பட்டியலைச் செய்தேன். இரண்டு மாலைகள், 310 வரிகள், இரண்டு நெடுவரிசைகள்: இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் பிரெஞ்சு. அதை நம்பி ஒரு பயிற்சித் தாளை மொழிபெயர்த்தபோது முதல் பக்கத்திலேயே ஒரு கணக்கு கணக்காகவே இல்லாமல் போனது. இப்போது இருப்பது மூன்றாவது பதிப்பு: 426 வரிகள், ஏழு நெடுவரிசைகள், ஆறு வாரங்கள். எங்கே நேரம் போனது, எதை வீணாகச் செய்தேன் என்பதுதான் இந்தப் பதிவு.

பிரெஞ்சுச் சொற்களை உச்சரிப்பை ஒட்டித் தமிழில் எழுதியிருக்கிறேன். மூக்கொலி வரும் இடங்களில் ‘ன்’ போட்டு ஒப்பேற்றியிருக்கிறேன். சரியான எழுத்துக்கூட்டை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பதிப்பு உடைந்த இடம்

கணக்கு எளியது: ‘ஒரு பாசிட்டிவ் மெய்யெண்ணையும் அதன் தலைகீழியையும் கூட்டினால் 2-க்குக் குறையாது என நிறுவுக.’ பட்டியலில் பாசிட்டிவுக்கு எதிரே ‘போஸித்தீஃப்’ என்று இருந்தது, அப்படியே போட்டாயிற்று. பிரெஞ்சுப் பள்ளிக் கணிதத்தில் போஸித்தீஃப் என்றால் 0 அல்லது அதற்கு மேல். 0-வும் போஸித்தீஃப்தான், அதே 0 ‘நெகத்தீஃப்’பும்தான். ஆக, மொழிபெயர்த்த கணக்கு 0-க்குத் தலைகீழி கண்டுபிடிக்கச் சொல்கிறது. ஆங்கிலத்தில் சரியாக இருந்த கணக்கு பிரெஞ்சில் பிழையான கூற்றாகிவிட்டது. சொல் மாறவில்லை, எழுத்துக்கூட்டும் ஏறத்தாழ அதேதான். எல்லை மட்டும் ஒரு புள்ளி நகர்ந்துவிட்டது.

ஒன்று கண்ணில் பட்டதும் மற்றவையும் வரிசையாகக் கிளம்பின. ‘கிரேட்டர் தேன்’ என்பதற்கு ‘சுபேரியர் அ’ என்று எழுதியிருந்தேன். பிரெஞ்சுக் கணிதத்தில் அது சமத்தையும் சேர்த்துக்கொள்ளும். ‘இன்கிரீசிங்’ சார்புக்கு ‘க்ருவாஸான்த்’ என்று போட்டிருந்தேன். அங்கே அது குறையாத சார்பு. இடையில் மட்டமாக ஓடினாலும் க்ருவாஸான்த்தான். ‘நேச்சுரல் நம்பர்’ ஆங்கிலத்தில் நூலுக்கு நூல் 0-விலிருந்தோ 1-லிருந்தோ தொடங்கும்; பிரெஞ்சில் இயல் எண் கணத்தில் 0 உண்டு, அதை விலக்க வேண்டுமென்றால் கணத்தின் குறியோடு ஒரு நட்சத்திரம் போடுவார்கள்.

இவற்றுக்கு நான் கடைசியில் வைத்துக்கொண்ட தீர்வு, எந்தப் பக்கமும் சாயாத நீளமான வடிவம். 0-வுக்கு மேல் என்றால் ‘ஸ்த்ரிக்த்மான் போஸித்தீஃப்’. 0-வும் சேரும் என்றால் ‘போஸித்தீஃப் ஊ நுல்’, அதாவது மிகை அல்லது சுழி. வெறும் ‘போஸித்தீஃப்’ பட்டியலிலேயே கிடையாது. பிரெஞ்சுக்காரர் கண்ணுக்கு ‘ஊ நுல்’ கொஞ்சம் அதிகப்படியாகத் தெரியலாம், தவறாகத் தெரியாது. ‘நான்நெகட்டிவ்’ என்பதை ‘நோன் நெகத்தீஃப்’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றும் ஆசையை அடக்க வேண்டும். நெகத்தீஃபில் 0-வும் இருப்பதால், அதை மறுத்தால் 0 வெளியே போய்விடும். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர்.

இரண்டாவது பதிப்பு: திருப்பி மொழிபெயர்த்துப் பார்த்தது

இங்கேதான் இரண்டு வாரம் வீணானது. பட்டியலைச் சோதிக்க எல்லோரும் சொல்லும் வழி, பிரெஞ்சு நெடுவரிசையை மட்டும் இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவரச் செய்வது. 60 சொற்களை எடுத்து அப்படிச் செய்தோம். 11 பொருந்தவில்லை. அந்த 11-ஐயும் பார்த்தால், பாதிக்கு மேல் உண்மையில் பிழையே இல்லை. ஒரே பிரெஞ்சுச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரண்டு சொல் இருந்ததுதான் காரணம். பிரெஞ்சில் ‘வரியெத்தே’ என்ற ஒரே சொல் ஆங்கிலத்தின் மேனிஃபோல்டுக்கும் வெரைட்டிக்கும் வரும். திருப்பிக் கொண்டுவந்தவர் இரண்டில் ஒன்றை எழுதியிருந்தார், அவ்வளவுதான்.

மாறாக, உண்மையான பிழைகள் சோதனையில் சுத்தமாகத் தேறிவிட்டன. பாசிட்டிவ் போஸித்தீஃப் ஆனது, போஸித்தீஃப் திரும்பப் பாசிட்டிவ் ஆனது: முழு மதிப்பெண். போகும்போது நழுவிய பொருள் வரும்போது அதே அளவு எதிர்ப்பக்கம் நழுவி இடத்துக்கு வந்துவிடுகிறது. ஒத்த தோற்றமுள்ள சொற்களுக்கு இந்தச் சோதனை எதையுமே சொல்லாது. எழுத்துப் பிழையையும் இடம் மாறிய வரிகளையும் பிடிக்க வேண்டுமானால் பயன்படும்.

மூன்றாவது பதிப்பில் அதற்குப் பதிலாக ஒரு நெடுவரிசை வந்தது. அதில் சொல் கிடையாது, கேள்வி மட்டும்தான். 0 சேருமா? சமம் சேருமா? பெருக்கலில் பரிமாற்று விதி கட்டாயமா? வெற்றுக் கணம் அடங்குமா? ஒவ்வொரு வரியிலும் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு விடை, பிரெஞ்சுச் சொல்லுக்கு ஒரு விடை. இரண்டும் ஒத்தால் வரி பச்சை, ஒக்காவிட்டால் சிவப்பு. விடையை அகராதியிலிருந்து எடுக்கக் கூடாது. பாடநூலிலோ ஆய்வுக்கட்டுரையிலோ அந்தச் சொல்லுக்குக் கொடுத்திருக்கும் வரையறையிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு வரிக்கு 5 முதல் 20 நிமிடம் ஆனது. ஆறு வாரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போனது, போனதில் வருத்தமில்லை.

இந்தக் கேள்விகள் பிடித்ததில் நல்ல மாதிரி ‘ஃபீல்ட்’. இயற்கணிதத்தில் அது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் செய்ய முடிகிற கணம். அதற்குப் பிரெஞ்சு ‘கோர்’, உடல் என்று பொருள். ஆங்கில ஃபீல்டில் பெருக்கல் பரிமாற்று விதிக்கு உட்பட்டே ஆக வேண்டும். பிரெஞ்சு மரபில் கோர் என்ற சொல்லுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால்தான் ‘கோர் கோமுத்தாத்தீஃப்’ என்று அடைமொழியோடு எழுதும் வழக்கம் வந்தது. இன்றைய பாடத்திட்டங்களில் வெறும் கோர் என்றாலே பரிமாற்று விதியும் சேர்ந்ததாகக் கொள்வது பரவலாகிவிட்டது, பழைய நூல்களில் அப்படியல்ல. இதன் விளைவை வெட்டர்பர்னின் 1905-ஆம் ஆண்டுத் தேற்றத்தில் பார்க்கலாம். பிரெஞ்சில் அதைச் சுருக்கமாக ‘முடிவுறு கோர் ஒவ்வொன்றும் பரிமாற்று விதிக்கு உட்படும்’ என்று சொல்லலாம். அதை ஆங்கிலத்துக்கு ஃபீல்ட் போட்டுக் கொண்டுவந்தால், வரையறையிலேயே இருப்பதைத் தேற்றம் என்று சொன்னதாகிவிடும். அங்கே பரிமாற்று விதியைக் கேட்காத ‘டிவிஷன் ரிங்’ என்றுதான் எழுத வேண்டும்.

அதே ஃபீல்ட் இயற்பியலில் ‘ஷான்’, அதாவது வயல். வெக்டர் ஃபீல்டுக்கு ‘ஷான் த வெக்தெர்’. தரவுத்தளத்தின் ஃபீல்டும் ஷான். இயற்கணித வடிவியலில் ‘ஸ்டாக்’ என்பதும் ஷான். கணினியில் அதே ஸ்டாக் ‘பீல்’. முதல் பட்டியலில் ஃபீல்டுக்கு ஒரு வரி, ஸ்டாக்குக்கு ஒரு வரி இருந்தன. இப்போது ஃபீல்டுக்கு மூன்று, ஸ்டாக்குக்கு இரண்டு. துறை என்ற நெடுவரிசை இல்லாத கலைச்சொல் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்பது என் கருத்து.

‘காம்பேக்ட்’ என்ற இடவியல் சொல்லையும் கவனியுங்கள். பிரெஞ்சில் ‘கோன்பக்த்’ என்றால் ஹவுஸ்டார்ஃப் பண்பும் (எந்த இரு புள்ளிகளையும் ஒன்றையொன்று வெட்டாத திறந்த கணங்களால் பிரிக்க முடிவது) சேர்ந்தே வரும், ஆங்கிலத்தில் சேராது. அது இல்லாததற்குப் பிரெஞ்சில் ‘காஸி-கோன்பக்த்’.

ஆதாரம் தேடிய வரிசை

முதலில் தேடியது விக்கிபீடியாவின் மொழி இணைப்புகளில். ஆங்கிலக் கட்டுரையைத் திறந்து பிரெஞ்சுக்குத் தாவினால் கட்டுரைத் தலைப்பே பெரும்பாலும் சரியான சொல்லாக இருக்கும். தலைப்பை மட்டும் எடுக்காமல் முதல் பத்தியின் வரையறையையும் படிக்க வேண்டும். அடுத்து கனடாவின் டெர்மியம் பிளஸ், கியூபெக்கின் பெரிய கலைச்சொல் அகராதி, பிரான்ஸ் கலாச்சார அமைச்சகத்தின் ஃப்ரான்ஸ்தெர்ம். முதல் இரண்டும் கனடா வழக்கைக் காட்டும். மூன்றாவதில் பிரான்ஸ் அரசிதழில் வெளியான சொற்கள் இருக்கும். கடைசித் தீர்ப்பை நுயும்தாம் என்ற பிரெஞ்சுக் கணித இதழ்க் காப்பகத்திலும், ஹால் என்ற திறந்த ஆய்வுக் களஞ்சியத்திலும் தேடித்தான் முடிவு செய்தேன். முழுச் சொற்றொடரையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடி, குறைந்தது மூன்று வெவ்வேறு ஆசிரியர்கள் பயன்படுத்தியிருந்தால் மட்டும் பட்டியலுக்குள் விட்டேன்.

இந்த வரிசையைக் கணினிச் சொற்களுக்கும் பயன்படுத்தினால் வேறு சிக்கல் வரும். அங்கே அரசிதழில் இருப்பதும் வாயில் வருவதும் ஒன்றாக இருப்பதில்லை. ‘ஓர்தினாத்தெர்’ 1955-இல் ஐபிஎம் பிரான்சுக்காக ழாக் பெர்ரே பரிந்துரைத்த சொல், முழுதாக வேரூன்றிவிட்டது. சாஃப்ட்வேருக்கு ‘லொஜிஸியெல்’, பைட்டுக்கு ‘ஒக்தே’ இரண்டும் அப்படியே. ஹேஷ்டேக்குக்கு 2013-இல் அரசிதழ் ‘மோ-தியேஸ்’ என்று அறிவித்தது; பேச்சில் இன்னும் ஹேஷ்டேக்தான். மின்னஞ்சலுக்கான ‘கூரியெல்’ கியூபெக்கில் பிறந்து 2003-இல் பிரான்ஸ் அரசிதழுக்குள் நுழைந்தது. எனவே ‘நிலை’ என்று ஒரு நெடுவரிசை: அரசுச் சொல், வழக்குச் சொல், கனடா. யாருக்காக மொழிபெயர்க்கிறோம் என்பதைப் பொறுத்து வடிகட்டிக்கொள்ளலாம். ‘லைப்ரரி’யை ‘லிப்ரெரி’ என்று எழுதிவிடாதீர்கள், அது புத்தகக் கடை. நிரல் நூலகத்துக்கு ‘பிப்லியோதெக்’.

பால், வரிசை, முன்னொட்டு

பிரெஞ்சுப் பெயர்ச்சொல்லை அதன் இலக்கணப் பால் இல்லாமல் எழுதி வைப்பதில் பயனில்லை. ‘ல’ அல்லது ‘லா’ போட்டு எழுதினால் போதும் என்று நினைத்திருந்தேன். உயிரொலியில் தொடங்கும் சொல்லில் இரண்டுமே தேய்ந்து வெறும் ‘ல்’ ஆகி ஒட்டிக்கொள்ளும், பால் மறைந்துவிடும். கணிதத்தில் அப்படிப்பட்ட சொற்கள் குவிந்து கிடக்கின்றன: கர்ணம், அணுகுகோடு, அதிபரவளையம் மூன்றும் பெண்பால், அச்சு, கோணம், இடைவெளி, கணம் நான்கும் ஆண்பால். ஆகவே ஆண், பெண் என்று தனி நெடுவரிசையில் ஒற்றை எழுத்து. புள்ளியியலின் முகடு ஆண்பாலில் ‘ல மோத்’. ‘லா மோத்’ என்று எழுதினால் உடை நாகரிகம்.

கூட்டுச் சொற்களை இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டும். ‘ஃபைனைட் டைமென்ஷனல் ரியல் வெக்டர் ஸ்பேஸ்’ என்பதைப் பிரெஞ்சில் கடைசியிலிருந்து அவிழ்க்க வேண்டும்: எஸ்பாஸ் வெக்தோரியெல் ரெயெல் த திமான்ஸியோன் ஃபினீ. முதலில் வெளி, பிறகு அது எப்படிப்பட்டது, கடைசியில் பரிமாணம். ‘ரெயெல்’ ஆண்பாலான எஸ்பாஸோடு ஒத்துப்போகிறது. ‘ஃபினீ’ பெண்பாலான திமான்ஸியோனோடு ஒத்துப்போவதால் எழுத்தில் கடைசியில் ஒரு கூடுதல் எழுத்து வரும், காதில் கேட்காது. முதல் பட்டியலில் இடம் மிச்சம் பிடிக்க ‘எஸ்பாஸ் வெக்தோரியெல் ஃபினீ’ என்று சுருக்கியிருந்தேன். அதன் பொருள் உறுப்புகளின் எண்ணிக்கையே முடிவுறுவதாக உள்ள வெளி. மெய்யெண்கள்மேல் அப்படி இருப்பது சுழி வெளி ஒன்றுதான்.

சொல்லாக இல்லாத சில தொடர்களும் பட்டியலில் வேண்டும். ‘அப் டு ஐசோமார்ஃபிசம்’ என்பதைப் பிரெஞ்சில் ‘அ இஸோமோர்ஃபிஸ்ம் ப்ரே’ என்பார்கள். நடுவில் சொல்லை வைத்து இரண்டு பக்கமும் கவ்வும் அமைப்பு அது. ‘அப் டு 10’ என்றால் ‘ஜுஸ்கா 10’, முற்றிலும் வேறு. ‘ஈவென்ச்சுவலி’ என்பதை ‘எவான்துயெல்மான்’ என்று எழுதினால் ‘ஒருவேளை’ என்ற பொருள் வந்துவிடும். ஒரு தொடர்வரிசை ‘ஈவென்ச்சுவலி’ ஏறுவரிசை என்பதற்கு ‘அ பர்தீர் தன் ஸெர்தான் ரான்’, ஏதோ ஓர் உறுப்பிலிருந்து என்று நேராகச் சொல்வதுதான் முறை. கணிதத்தில் ‘ஒருவேளை’க்கும் ‘கடைசியில் நிச்சயமாக’வுக்கும் எவ்வளவு தூரம் என்று சொல்லத் தேவையில்லை.

தேற்றப் பெயர்களுக்குத் தனித் தாளே போட்டுவிட்டேன், 38 வரிகள். பெயரை மொழிபெயர்க்கக் கூடாது, தேற்றத்தை எழுதி அதற்குப் பிரெஞ்சில் என்ன பெயர் என்று தேட வேண்டும். ஆங்கிலத்தில் தேல்ஸ் தேற்றம் என்பது பெரும்பாலும் அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதைக் குறிக்கும். பிரெஞ்சின் ‘தெயோரெம் த தாலெஸ்’ இணைகோடுகள் வெட்டும் விகிதத்தைப் பற்றியது. கொசைன் விதிக்குப் பிரெஞ்சில் அல்-காஷியின் தேற்றம் என்று பெயர். வகைக்கெழுச் சமன்பாடுகளின் பிக்கார்ட்–லிண்டலோஃப் தேற்றம் அங்கே கோஷி–லிப்ஷிட்ஸ். புறாக்கூட்டுக் கொள்கையில் புறாவுக்குப் பதில் மேசை இழுப்பறை வந்துவிடுகிறது. இரண்டு சார்புகளுக்கு நடுவே ஒன்றைச் சிக்க வைக்கும் தேற்றம் ‘தெயோரெம் தெ ஜான்தார்ம்’: இரண்டு காவலர்கள் நடுவில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போகும் படம். இந்தத் தாளைச் செய்ததுதான் முழு வேலையிலும் சுகமான பகுதி.

எண்களும் குறிகளும்

பில்லியனைப் பிரெஞ்சில் ‘மில்லியார்’ என்று எழுத வேண்டும். பிரெஞ்சின் ‘பிலியோன்’ ஆங்கில டிரில்லியனுக்குச் சமம், ஆயிரம் மடங்கு அதிகம். 1961-இல் பிரான்ஸ் இந்த நீண்ட அளவை அரசாணையாக்கியது. 1974-இல் பிரிட்டன் குறுகிய அளவுக்கு மாறியது. 1974-க்கு முந்தைய பிரிட்டிஷ் மூலமாக இருந்தால் எழுதியவர் எந்தப் பில்லியனைச் சொல்கிறார் என்று பார்த்த பிறகே கைவைக்க வேண்டும்.

தசமப் புள்ளி பிரெஞ்சில் காற்புள்ளி: 3,14. ஆயிரத்தைப் பிரிப்பது இடைவெளி: 12 500. ஆங்கிலத்தில் காற்புள்ளி ஆயிரத்துக்கு என்பதால் 1,234 என்பதை அப்படியே விட்டால் ஒன்றேகால் அளவுக்குச் சுருங்கிவிடும். இதைத் தானாக மாற்ற ஒரு சிறு நிரல் எழுதி, புள்ளிகள் எல்லாவற்றையும் காற்புள்ளியாக்கினேன். பிரிவு 3.2 ‘பிரிவு 3,2’ ஆயிற்று, மென்பொருள் பதிப்பு எண்களும் அதோடு போயின. இரண்டாம் முறை, இலக்கம்–புள்ளி–இலக்கம் வரும் ஒவ்வொரு இடத்தையும் பட்டியலாக எடுத்துக் கையால் ஆம், இல்லை போட்டேன். 140 இடங்களுக்கு முக்கால் மணி நேரம். நிரலைச் சரி செய்வதைவிட விரைவு.

ஆயத்தொலைவுகளில் காற்புள்ளியால் பிரித்தால் குழம்பும் என்பதால் அரைப்புள்ளி போட வேண்டும்: (2,5; 3). திறந்த இடைவெளிக்குப் பிறைக் குறி கிடையாது, சதுர அடைப்பைத் திருப்பிப் போடுவார்கள்: ]0; 1[. லேடெக் என்ற ஆவண வடிவமைப்பு மென்பொருளில், கணித நிலையில் 3,14 என்று எழுதினால் காற்புள்ளிக்குப் பின் தேவையில்லாத இடைவெளி விழும். காற்புள்ளியை நெளிவு அடைப்புக்குள் வைத்தாலோ ஐகாமா தொகுப்பைச் சேர்த்தாலோ சரியாகும்.

கோப்பு

விரிதாளில் வேலை செய்து, ஒமேகாடி என்ற மொழிபெயர்ப்பு உதவி மென்பொருளில் ஏற்றினேன். அதன் சொற்பட்டியல் தாவல் குறியால் பிரித்த மூன்று நெடுவரிசைகளை மட்டும் எடுத்துக்கொள்ளும்: மூலச் சொல், இலக்குச் சொல், குறிப்பு. நான் போட்ட ஏழு அதில் நுழையாது. எனவே துறை, பால், எல்லைக் கேள்வி, நிலை, ஆதாரம் ஐந்தையும் ஒரே சூத்திரத்தால் ஒட்டிக் குறிப்பில் தள்ளினேன். திரையில் குறிப்பு நீளமாகத் தெரிகிறது, துறையை முதலில் வைத்தால் கண் அங்கேயே நின்றுவிடும்.

ஏற்றிய பிறகும் ஏறத்தாழ 30 பிரெஞ்சுச் சொற்கள் தேடலில் அகப்படவே இல்லை. அதற்கு மூன்று காரணங்கள் இருந்தன. திட்ட விலக்கத்துக்கான ‘எக்கார் தீப்’ போன்ற இரட்டைச் சொற்களை வலைப்பக்கத்திலிருந்து ஒட்டியபோது நடுவில் உடையாத இடைவெளி வந்துவிட்டது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது வேறு எழுத்து. பிடிஎஃப்-இலிருந்து எடுத்த சொற்களில் உயிரெழுத்தும் அதன் தலைமேலுள்ள கோடும் இரண்டு தனிக் குறியீடுகளாக இருந்தன. இரண்டையும் ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி முறையில் எல்லாவற்றையும் ஒருமுறை ஒழுங்குபடுத்தினால் இது தீரும். மூன்றாவது, ‘நே’ என்ற சொல், முடிச்சு அல்லது கணு. அதில் ஓவும் ஈயும் ஒட்டிய கூட்டெழுத்து ஒன்று உண்டு. பழைய ஐஎஸ்ஓ 8859-1 குறியாக்கத்தில் அந்த எழுத்துக்கு இடமே இல்லை. அந்தக் குறியாக்கத்தில் சேமித்த ஒரு பழைய பட்டியலிலிருந்து எடுத்ததால் முடிச்சுக் கோட்பாட்டின் சொற்கள் அனைத்திலும் அங்கே கேள்விக்குறி நின்றது. கோப்பு முழுவதும் யூடிஎஃப்-8-ஆக இருக்கட்டும். பிரெஞ்சு அமைப்புள்ள கணினியில் சிஎஸ்வி கோப்பு காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளியால் பிரியும் என்பதால், தாவல் குறியே தொந்தரவில்லாதது.

அடுத்த முறை மாற்றப்போவது

எல்லைக் கேள்வி நெடுவரிசையை முதல் நாளே போடுவேன், திருப்பி மொழிபெயர்க்கும் சோதனையைக் கடைசி நாளுக்குத் தள்ளுவேன். சொல்லை அகர வரிசையில் சேர்க்காமல் ஒரு பாடநூலின் அத்தியாய வரிசையில் சேர்ப்பேன். அகர வரிசையில் ‘ஸெரி’யும் ‘ஸ்விட்’டும் 60 வரி தள்ளி நின்றன. முதலாவது தொடர், இரண்டாவது தொடர்வரிசை. பக்கத்தில் இருந்திருந்தால் இரண்டையும் மாற்றிப் போட்டிருந்ததை அன்றே பார்த்திருப்பேன். தேற்றப் பெயர்களுக்கு முழுக் கூற்றையும் ஒரு வரியில் எழுதி வைப்பேன். இப்போது 38-இல் 20-க்குத்தான் அது இருக்கிறது.

இப்போதும் சிவப்பில் நிற்பவை 9 வரிகள். அவற்றில் பிடிவாதமானது ‘ஃபெஸோ’. ஆங்கிலத்தின் ஷீஃபுக்கும் அதுதான், ஒரு புள்ளி வழியாகச் செல்லும் கோடுகளின் கூட்டமான பென்சிலுக்கும் அதுதான், ஒளிக்கற்றைக்கும் அதுதான். மூன்றும் ஒரே கட்டுரையில் வந்தால் என்ன செய்வது என்பதற்கு, பென்சிலுக்கு மட்டும் ‘பான்ஸோ’ போடலாம் என்று பென்சிலாலேயே குறித்து வைத்திருக்கிறேன்.